நீரடித் தோட்டத்திற்கு எவ்வளவு ஒளி வேண்டும்?

தொழிற்சாலைப் பணிக்காகவும் கணினித் துறைப் பணிக்காகவும் வந்து, புனேயின் ஆகுர்டியிலும் அதையடுத்த நிக்டி, சிஞ்ச்வட் பகுதிகளிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. முற்றமும் கிணற்றடியும் இல்லாத அடுக்குமாடி வாழ்வில் பசுமையின் மீதுள்ள ஆசை முதலில் பால்கனியில் துளசியாகவும் கறிவேப்பிலையாகவும் துளிர்க்கிறது. அண்மைக் காலத்தில் அது கூடத்து மீன்தொட்டிக்குள்ளும் இறங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் செடிகளும் வண்ணக் கற்களும் இருந்த இடத்தில், வேரூன்றி வளரும் உயிருள்ள நீர்த்தாவரங்களை நட்டு, அவற்றினிடையே சிறு மீன்களை உலவவிடுவோர் பெருகி வருகின்றனர்.

எமது கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களிலும் இவ்வார்வம் கொண்டோர் இருக்கின்றனர். அலுவல் முடிந்து பேச்சு வேறு திசையில் திரும்பும்போது அவர்கள் எழுப்பும் வினா பெரும்பாலும் ஒன்றே: எந்த விளக்கை வாங்குவது? கடைக்காரர் ஒன்றைப் பரிந்துரைக்கிறார். நண்பர் மற்றொன்றைச் சொல்கிறார். இரண்டிற்கும் விலை வேறுபாடு பத்து மடங்கு. விலை கூடியதே சிறந்தது என்று எண்ணி வாங்கிய பலருடைய தொட்டி, இரண்டே மாதங்களில் பச்சைக் குழம்பாகிவிடுகிறது. செடிகளுக்கு ஒளி போதாமல் அழிந்த தொட்டிகளைவிட, ஒளி மிகுந்து பாசியில் மூழ்கிய தொட்டிகளே அதிகம் என்று தயங்காமல் சொல்லலாம்.

பாசியால் வரும் இழப்பு ஆகுர்டியில் சற்றுக் கூடுதலாகவே உறைக்கும். பவனா அணையிலிருந்து ஆற்றில் திறந்துவிடப்படும் நீரை ராவேத்தில் எடுத்து, நிக்டியில் சுத்திகரித்தே பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி வீடுகளுக்கு வழங்குகிறது. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் மாநகராட்சி, ஒருநாள் விட்டு ஒருநாள் குடிநீர் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. பாசி படர்ந்த தொட்டிக்குச் செய்யும் முதல் சிகிச்சை நீர்மாற்றம். 200 லிட்டர் தொட்டியில் பாதி நீரை மாற்றுவதானால் ஒவ்வொரு முறையும் 100 லிட்டர் வேண்டும். குழாயில் நீர் வராத நாளில் அத்தனை நீரை மீனுக்காக எடுக்க எந்த இல்லத்தரசி இசைவார்? இத்தகைய ஊரில் விளக்கைத் தேர்ந்தெடுப்பது வீட்டின் நீர்க்கணக்கையும் தொடும் செயலாகிறது.

ஒளி செய்யும் வேலை

நீரில் மூழ்கிய இலைகள் வெயில் படும்போது குமிழிகளை வெளியிடுகின்றன என்பதையும், அதற்குக் காரணம் வெயிலின் வெப்பமன்று, ஒளியே என்பதையும் 1779-இல் டச்சு மருத்துவரான யான் இங்கன்ஹவுஸ் ஆய்ந்து வெளியிட்டார். நன்கு அமைந்த தொட்டியில் பிற்பகல் வேளையில் இலைநுனிகளிலிருந்து முத்துச்சரம்போல் எழும் பிராணவாயுக் குமிழிகள் அவர் கண்ட அதே காட்சிதான். 1850-இல் இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன், வாலிஸ்னேரியாச் செடியையும் இரண்டு பொன்மீன்களையும் ஒரே கலத்தில் வைத்து, ஒன்றின் கழிவை மற்றொன்று பயன்படுத்திக்கொண்டு வாழ இயலும் எனக் காட்டினார். அவருடைய கலத்திலும் சில காலத்தில் கண்ணாடியின் மீது பச்சைப் படலம் படர்ந்தது. குளத்து நத்தைகளை விட்டு அதைச் சமாளித்தார். ஆகவே பாசித் தொல்லைக்கும் மீன்தொட்டிக்கும் வயது ஒன்றே.

தாவரம் வளர ஒளி, கரியமில வாயு, தழைச்சத்து முதலிய ஊட்டங்கள் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே வளர்ச்சியின் எல்லையை வரையறுக்கிறது. வேளாண் வேதியியலில் லீபிக் என்ற ஜெர்மானிய அறிஞரின் பெயரால் வழங்கும் விதி இது. நீரடியில் பெரும்பாலும் குறைந்து நிற்பது கரியமில வாயுவே. காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இராது. உருளையிலிருந்து வாயுவைச் செலுத்தும் தொட்டிகளில் இதை 20 முதல் 30 மில்லிகிராம் வரை உயர்த்துகிறார்கள். அந்த ஏற்பாடு இல்லாத தொட்டியின் மீது வலிமைமிக்க விளக்கை ஏற்றினால், செடி அந்த ஒளியைப் பயன்படுத்த இயலாமல் திணறும். மிகக் குறைந்த வாயுவையும் ஊட்டத்தையும் கொண்டு வாழப் பழகிய பாசி, அதே ஒளியில் செழிக்கும்.

எம் தொழிலில் இதற்கு நிகரான நிலை ஒன்று உண்டு. திருப்பிச் செலுத்தும் ஆற்றலைப் பாராமல் கடன் வரம்பை உயர்த்தினால் வளர்வது தொழில் அன்று, நிலுவை. ஒளியை உயர்த்தும் ஒவ்வொருவரும் வாயுவையும் உரத்தையும் அதற்கு ஈடாக உயர்த்த வேண்டியவராகிறார். அதற்கு இசைவில்லையெனில் தொடக்கத்திலேயே மிதமான ஒளியோடு நின்றுகொள்வதுதான் எமது பரிந்துரை.

பெட்டியின் மீதுள்ள எண்கள்

விளக்குப் பெட்டியில் முதலில் கண்ணில் படுவது வாட். குழல் விளக்குகளின் காலத்தில், ஒரு லிட்டருக்கு இத்தனை வாட் என்ற வாய்பாடு ஆர்வலர்களிடையே வழங்கியது. எல்லாக் குழல் விளக்குகளும் ஏறத்தாழ ஒரே திறனுடையவையாக இருந்ததால் அது ஓரளவு பொருந்தியது. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவே. தரும் ஒளியின் அளவன்று. எல்.இ.டி. விளக்குகளில் ஒரே 20 வாட்டில் ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்கு ஒளி தரக்கூடும். எனவே அப்பழைய வாய்பாட்டை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது லூமன். இது ஒளியின் அளவுதான். ஆனால் மனிதக் கண்ணுக்காக வகுக்கப்பட்டது. நம் கண் பச்சை நிற ஒளியை மிகுதியாகவும், சிவப்பையும் நீலத்தையும் குறைவாகவும் உணர்வதால், லூமன் கணக்கும் அவ்வாறே சாய்ந்திருக்கும். தாவரத்தின் கணக்கு வேறு. 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்பதே அதற்குப் பொருட்டு. ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாக ‘பார்’ என்று ஆர்வலர்கள் குறிப்பிடும் இந்த அளவு மைக்ரோமோலில் சொல்லப்படுகிறது. தொட்டியின் அடிமண்ணில் 30 மைக்ரோமோல் வரை கிடைத்தால் குறைந்த ஒளி, 30 முதல் 50 வரை மிதமான ஒளி, அதற்கு மேல் மிகுந்த ஒளி எனக் கொள்வது இல்லத் தொட்டிக்குப் போதுமான வரையறை. நடுப்பகல் வெயிலில் இவ்வளவு 2000-ஐ நெருங்கும் என்பதை நினைத்தால், நீரடிச் செடிகள் எவ்வளவு சிக்கனமானவை என்பது விளங்கும்.

இதை அளக்கும் கருவி விலை மிக்கது. ஒரு தொட்டிக்காக அதை வாங்குவது வீண். கைப்பேசியில் லக்ஸ் அளவு காட்டும் செயலி கிடைக்கிறது. நீர் நிரப்புவதற்கு முன், காலித் தொட்டியின் அடியில் கைப்பேசியை வைத்து விளக்கை ஏற்றிப் பார்த்து, கிடைக்கும் எண்ணை 70-ஆல் வகுத்தால் வெள்ளை எல்.இ.டி.க்கு ஓரளவு பொருந்தும் விடை கிடைக்கும். 2800 லக்ஸ் என்றால் ஏறத்தாழ 40. துல்லியம் இல்லை, முடிவெடுக்க இது போதும். செயலியை நம்பாதவர்கள் லூமனையே கொண்டு, லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் குறைந்த ஒளி, 20 முதல் 40 மிதமான ஒளி, அதற்கு மேல் மிகுந்த ஒளி என்று கணக்கிடலாம். கண்ணுக்கான அளவுதான் என்றாலும் வெள்ளை விளக்குகளைத் தம்முள் ஒப்பிட இது உதவும்.

பிறகு கெல்வின். 6500 கெல்வின் என்றால் பகல் வெளிச்சத்தை ஒத்த வெண்மை. 3000 என்றால் மஞ்சள் சாயல். இது குறித்துக் கடைகளில் சொல்லப்படும் கதைகள் பல. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக ஈர்ப்பது உண்மை. அதனால் பச்சை ஒளி முழுவதும் வீண் என்ற முடிவுதான் பிழை. 1972-இல் வெளியான ஆய்வொன்றில் கீத் மெக்க்ரீ, 22 வகைப் பயிர்த் தாவரங்களின் இலைகளைச் சோதித்து, பச்சை உள்ளிட்ட எல்லா நிறங்களிலும் ஒளிச்சேர்க்கை குறிப்பிடத்தக்க அளவில் நடைபெறுவதைக் காட்டினார். ஆகவே ஊதா நிறத்தில் ஒளிரும் ‘செடி வளர்ப்பு விளக்கு’ கூடத்திற்குத் தேவையில்லை. 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் செடியும் வளரும். மீனும் தன் இயல்பான நிறத்தில் தெரியும். சிவப்புச் செடிகளின் நிறம் எடுப்பாகத் தோன்ற வேண்டுமெனில் சிவப்பு எல்.இ.டி. கலந்த விளக்கு நன்று. அந்தக் கூடுதல் விலையில் பெரும்பகுதி நம் கண்ணுக்காகத் தரப்படுவது என்பதை அறிந்து தந்தால் சரி.

செலவுக் கணக்கு

இருபது ஆண்டுகளுக்கு முன் இத்தகைய தொட்டி அமைப்பது செல்வந்தர் விளையாட்டாக இருந்தது. ஜப்பானின் நீகாத்தாவைச் சேர்ந்த தக்காஷி அமானோ, 1982-இல் தாம் தொடங்கிய நிறுவனத்தின் வாயிலாக இக்கலையை உலகறியச் செய்தபோது, 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகளைத் தொட்டியின் மேல் தொங்கவிட்டார். 2015-இல் லிஸ்பன் கடல்வாழ் காட்சியகத்தில் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் கொள்ளளவும் உடையது. அதைப் படத்தில் கண்டு மயங்கி அதே போன்ற ஒளியை நாடுவோர், அதன் பின்னால் உள்ள வாயு உருளைகளையும், ஊட்டமிட்ட அடிமண்ணையும், நாள்தோறும் கத்தரித்துப் பேணும் பணியாளர்களையும் படத்தில் காண்பதில்லை.

நிலைமையை மாற்றியது எல்.இ.டி. நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டறிந்த அகசாக்கி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. (இவர் ஹிரோஷி அமானோ, முன்சொன்னவருடைய குடும்பப்பெயரே இவருக்கும்.) அந்த நீலத்தின் மீது மஞ்சள் பூச்சு ஏற்றியே இன்றைய வெள்ளை விளக்கு உருவாகிறது. நம் நாட்டில் 2015 ஜனவரி 5 அன்று உஜாலா திட்டம் தொடங்கப்பட்டது. 2014-இல் ஏறத்தாழ 310 ரூபாயாக இருந்த அரசுக் கொள்முதல் விலை ஈராண்டுகளில் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அதன் பயன் மீன்தொட்டிக்கும் வந்து சேர்ந்தது.

நம் கடைகளில் கிடைக்கும் இரண்டடித் தொட்டி 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உயரமும் கொண்டது. மண்ணும் கல்லும் போக அதில் ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும். மிதமான ஒளிக்கு 1000 முதல் 2000 லூமன் போதும். வாட்டிற்கு 100 லூமன் தரும் விளக்கெனில் 10 முதல் 20 வாட். நாளொன்றுக்கு 8 மணி நேரம் 20 வாட் எரிந்தால் மாதத்திற்கு 4.8 யூனிட். 250 லிட்டர் கொண்ட நான்கடித் தொட்டிக்கு 75 வாட் என்று வைத்தால் மாதம் 18 யூனிட். அதன் மேல் அமானோவின் முறையில் 150 வாட் விளக்குகள் இரண்டைத் தொங்கவிட்டால் மாதம் 72 யூனிட் ஆகியிருக்கும். மகாராஷ்டிரத்தில் வீட்டு நுகர்வு 100 யூனிட்டைக் கடந்ததும் கூடுதல் விகிதம் தொடங்குகிறது. வழக்கமாக 90 யூனிட்டில் நிற்கும் வீட்டில் இந்த 18 யூனிட் பட்டியலின் அடுத்த படிக்குக் கொண்டுசெல்லும் என்பதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

விளக்கின் விலையைப் பொறுத்தவரை, மீன்தொட்டிக்கென விற்கப்படும் பெயர்பெற்ற விளக்கிற்கும், மின்பொருள் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 6500 கெல்வின் எல்.இ.டி. ஃபிளட் விளக்கிற்கும் செடியின் பார்வையில் பெரிய வேறுபாடு இல்லை. இந்திய ஆர்வலர்கள் பலர் ஃபிளட் விளக்கைக் கொண்டே அழகிய தோட்டங்களை வளர்க்கிறார்கள். அதன் குறை, ஒளி ஓரிடத்தில் குவிவதும், கூடத்தில் அமர்ந்திருப்போர் கண்ணைக் கூசச் செய்வதும், ஒளியைக் குறைக்கும் வசதி இல்லாததும். கூடுதல் பணம் தருவதானால் அந்த இறுதி வசதிக்காகத் தரலாம். விளக்கைக் குறைத்து வைக்க இயன்றால், செடிகள் பெருகப் பெருகச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொள்ளலாம்.

செடியைப் பார்த்து விளக்கு

விளக்கை வாங்கிவிட்டுச் செடியைத் தேடுவதே வழக்கமாக இருக்கிறது. முறை நேர்மாறாக இருக்க வேண்டும். அனுபியாஸ், ஜாவா பெரணி, ஜாவா மாஸ், கிரிப்டோகோரைன் ஆகியவை நிழலில் வாழப் பழகியவை. குறைந்த ஒளியே போதும். கல்லிலும் மரக்கட்டையிலும் கட்டிவிடப்படும் அனுபியாஸின் மீது கடும் ஒளி விழுந்தால், மெதுவாக வளரும் அதன் இலைகளில் கரும்பாசி படிவதைக் காணலாம். மாறாக, தரையில் புல்வெளிபோல் படரும் ‘கியூபா’ செடியும், இந்தியாவையே தாயகமாகக் கொண்ட செந்நிற ரொட்டாலா மக்ராண்ட்ராவும் மிகுந்த ஒளியையும் கரியமில வாயுவையும் சேர்த்தே கேட்பவை.

இடைப்பட்ட நிலையில் நமக்கு மிக நெருங்கிய செடிகள் உள்ளன. நினைவாற்றலுக்கென்று சித்த மருத்துவம் போற்றும் நீர்ப்பிரமி, உலகெங்கும் பக்கோப்பா என்ற பெயரில் மீன்தொட்டிச் செடியாக விற்கப்படுகிறது. நீர்முள்ளியின் உறவான ஹைக்ரோபிலா பாலிஸ்பெர்மா, தொடக்கநிலையினருக்கு ஏற்ற செடிகளில் முதன்மையானது. நம் ஊர்க் குளங்களில் கொட்டி என்று வழங்குவது அப்போனோஜெட்டன் இனம். மிதமான ஒளியில், வாயு உருளை இல்லாமலே இவை வளரும். ஆகுர்டிக்குத் தெற்கே சாத்தாரா மாவட்டத்து மேட்டுநிலங்களில் வளரும் அப்போனோஜெட்டன் சாத்தாரென்சிஸ் அழிவின் விளிம்பில் உள்ள அரிய செடி. மழைக்காலத்தில் காஸ் மேட்டுநிலத்திற்குச் சுற்றுலா செல்வோர் அங்குள்ள எந்தச் செடியையும் தொட்டிக்கென்று எடுத்துவரலாகாது.

விளக்கு போதுமா என்பதைச் செடியே சொல்லும். தண்டில் கணுவிற்கும் கணுவிற்கும் இடைவெளி நீண்டு, அடியிலைகள் உதிர்ந்து, செடி மேல்நோக்கி ஓடினால் ஒளி குறைவு. கண்ணாடியில் இரண்டு நாளுக்கொரு முறை பச்சைப் படலம் திரும்பினால் ஒளி மிகுதி, அல்லது நேரம் மிகுதி. எதை மாற்றினாலும் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

தொட்டியின் உயரமும் கணக்கில் சேரும். 18 அங்குல ஆழத்தில் அடிமண்ணுக்குச் சேரும் ஒளி, 12 அங்குலத்தில் சேர்வதைவிடக் கணிசமாகக் குறையும். எனவே புதிதாக வாங்குவோர் உயரமான தொட்டியைவிட அகன்ற தொட்டியைத் தேர்வது இலாபம். விளக்கிற்கும் நீருக்கும் இடையே உள்ள மூடிக் கண்ணாடியில் உப்புப் படிந்தாலும் ஒளி வெகுவாகக் குறையும். வாரம் ஒருமுறை துடைக்கும் ஈரத்துணி, புதிய விளக்கை வாங்கும் தேவையைச் சில வீடுகளில் நீக்கிவிடும்.

வெயில் இலவசம்தானே என்று சன்னலோரத்தில் தொட்டியை வைப்போரும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் புனேயின் மேற்குச் சன்னல் வழியாக வரும் வெயில் 50 லிட்டர் நீரை மீன் தாங்காத அளவிற்குச் சூடாக்கிவிடும்; ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகமூட்டத்தில் அதே இடம் இருண்டு கிடக்கும். இவ்வாறு பருவத்திற்கேற்ப மாறும் ஒளியை நம்பி எந்த அளவையும் வகுக்க இயலாது.

ஒயரும் டைமரும்

நீருக்கு மேல் மின்சாரம் தொங்குகிறது என்பதை மறக்கலாகாது. இந்தியத் தர நிறுவனத்தின் பதிவு எண் உள்ள விளக்கையும் டிரைவரையுமே வாங்க வேண்டும். டிரைவர் தொட்டியின் மேல் அமராமல் சுவரோரம் இருக்கட்டும். ஒயர் பிளக்கிற்குச் செல்லும் முன் சற்றுத் தாழத் தொங்கி மேலேறுமாறு அமைத்தால், ஒயர் வழியே வழியும் நீர் அந்தத் தாழ்விடத்தில் சொட்டிவிடும், பிளக்கை எட்டாது. வீட்டு இணைப்பில் 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையெனில் மீன்தொட்டி வாங்குவதற்கு முன் அதைப் பொருத்திக்கொள்வது முறை. தொட்டிக்குள் கைவிடும்போது விளக்கை மட்டுமன்றி ஹீட்டரையும் ஃபில்டரையும் அணைத்துவிட வேண்டும்.

புதிதாக நட்ட தொட்டிக்கு முதல் மூன்று வாரம் நாளுக்கு 6 மணி நேரம், பின்னர் 7 அல்லது 8 மணி நேரம் ஒளி போதும். பிற்பகல் 2 மணிக்கு ஏற்றி இரவு 9 மணிக்கு அணைத்தால், மாலையில் வீடு திரும்புவோரும் தோட்டத்தைக் கண்டு மகிழலாம். கையால் ஏற்றி அணைக்கும் ஏற்பாடு எந்த வீட்டிலும் ஒரு மாதத்திற்கு மேல் ஒழுங்காக நடப்பதில்லை. ஆதலால் டைமர் தேவை. இதில் ஆகுர்டிவாசிகள் கவனிக்க ஒன்றுண்டு. இங்கு வியாழக்கிழமை தொழிற்பேட்டையின் வார விடுமுறை. பராமரிப்புக்கான மின்தடையும் பெரும்பாலும் அன்றே வரும். ஒருநாள் ஒளி இல்லாமற் போவதால் செடிக்குத் தீங்கில்லை. ஆனால் பல்சக்கரம் சுழலும் மலிவான டைமர், மின்சாரம் நின்ற நேரமெல்லாம் தானும் நின்றுவிடும். நான்கு மணி நேரத் தடைக்குப் பின், 9 மணிக்கு அணைய வேண்டிய விளக்கு நள்ளிரவு 1 மணி வரை எரியும். யாரேனும் திருத்தும் வரை நாள்தோறும் அப்படியே எரியும். உள்ளே சிறு பேட்டரி கொண்ட டிஜிட்டல் டைமர் இதைவிடச் சற்று விலை கூடியது. அதன் கடிகாரம் மின்தடையிலும் நிற்பதில்லை.